தென் ஸ்பெயினில் ஒரு வாரம் கோல்ஃப்: மைதானம் பிறந்த வருடத்தைக் கேளுங்கள்

கேள்வி இதுதான். லண்டனிலிருந்து நாலு நண்பர்கள் பிப்ரவரி கடைசி வாரத்தில் ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கடற்கரைக்குப் போகிறார்கள். கடலோர ரிசார்ட் ஒன்றில் தங்கி, கடலைப் பார்த்தபடியே கோல்ஃப் ஆட வேண்டுமாம். நாலு பேரின் ஹேண்டிகேப்பும் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடக் கூட ஆட்டம் சுமார்) 18 முதல் 28-க்குள். ஒருவருக்கு முழங்கால் தகராறு. இன்னொருவர் வால்டெர்ராமா என்ற பேர்பெற்ற மைதானத்தில் ஒரு ரவுண்டாவது ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எங்கே தங்குவது, எங்கே ஆடுவது, எத்தனை நாள் ஆடுவது?

நான் ஜிப்ரால்டரில் நாலு வருடம் வேலை பார்த்தவன். வீடு எல்லையைத் தாண்டி ஸ்பெயின் பக்கம். வார இறுதி என்றால் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. என் ஹேண்டிகேப்பும் உங்களுடையதைப் போல இருபதைச் சுற்றித்தான் அலைந்துகொண்டிருந்தது. அதனால் தொழில்முறை ஆட்டக்காரர் கண்ணில் படாத தொல்லைகள் எல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் கடல் விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. மலாகா மாகாணத்தில் மட்டும் 70-க்கு மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. 'கோஸ்டா டெல் கோல்ஃப்' என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் கடல் காலடியில் கிடக்கும் மைதானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் எளிது: மணலை ஒட்டிய நிலமெல்லாம் ஹோட்டலுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டது. கோல்ஃபுக்குக் கிடைத்தது நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கும் பள்ளத்தாக்கும் குன்றும்தான். அங்கிருந்து பார்த்தால் வெள்ளை வீடுகளுக்கு மேலே நீலக் கோடு ஒன்று தெரியும். அதுதான் விளம்பரப் படத்தில் வரும் 'கடல் காட்சி'.

பெயரை வைத்தும் ஏமாறாதீர்கள். 'காலா' என்றால் ஸ்பானிய மொழியில் சிறு கடல்வளைவு. லா காலா ரிசார்ட் என்றதும் அலை சத்தம் கேட்டுத் தூங்கலாம் என்று நினைப்போம். அது மிஹாஸ் மலைச்சரிவில், கடற்கரை ஊரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மூன்று பதினெட்டுக் குழி மைதானங்கள், நடுவில் ஹோட்டல். நல்ல இடம்தான், குறையே சொல்ல மாட்டேன். கடல் மட்டும் தூரத்தில்.

நிஜமாகவே கடல் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து மூன்று இடங்கள். ஒன்று, மலாகா விமான நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பரடோர் மைதானம். 1925-இல் தொடங்கியது, கோஸ்டா டெல் சோலிலேயே பழையது. இரண்டாவது, மார்பேயாவுக்கு மேற்கே குவாதல்மீனாவின் தெற்கு மைதானம். 1959-இல் ஹவியர் அரானா என்ற ஸ்பானியர் வடிவமைத்தது. மூன்றாவது, சான் ரோக்கே வட்டாரத்தில் அல்கைதேசா பக்கம் இருக்கும் லா ஹசியெண்டாவின் லிங்க்ஸ் மைதானம். அங்கே ஒரு பக்கம் ஜிப்ரால்டர் பாறை, எதிரே நீரிணைக்கு அப்பால் மொரோக்கோவின் மலைகள். தெளிவான நாளில் ஆப்பிரிக்காவைப் பார்த்துக்கொண்டே பட்டிங் செய்யலாம். என் பந்து குழிக்குள் போகாததற்கு நான் பல தடவை அந்தக் காட்சியைத்தான் காரணம் காட்டியிருக்கிறேன்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். ஒரு மைதானத்தின் புகழையோ நட்சத்திரத்தையோ கேட்பதற்கு முன் அது எந்த வருடம் கட்டப்பட்டது என்று கேளுங்கள். முழங்கால் வலிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

இந்தக் கரையில் கோல்ஃப் பெருகியதே மனை விற்பதற்காகத்தான். 1954-இல் இளவரசர் அல்ஃபோன்சோ வான் ஹோகன்லோகே மார்பேயா கிளப் என்ற ஹோட்டலைத் திறந்தார். பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜோசப் மெக்மிக்கிங் என்பவர் குவாதியாரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பண்ணை நிலங்களை வாங்கி சோட்டோகிராண்டேயை உருவாக்கினார். பிலிப்பைன்ஸின் அயாலா குடும்பத்து மாப்பிள்ளை அவர். அமெரிக்காவிலிருந்து மைதான வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸை வரவழைத்தார். 1964-இல் திறந்த அந்த மைதானம்தான் ஜோன்ஸ் ஐரோப்பாவில் போட்ட முதல் மைதானம். பிறகு கட்டுமான முதலாளி ஹோசே பனூஸ் மார்பேயாவுக்கு மேற்கே நுவேவா அந்தலூசியாவை எழுப்பினார். 1968-இல் அங்கே அதே ஜோன்ஸின் கையால் லாஸ் பிரிசாஸ் மைதானம் வந்தது. 1970-இல் படகுத்துறை, அதாவது இன்று எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் புவேர்த்தோ பனூஸ். 1973-இல் லாஸ் பிரிசாஸில் நடந்த உலகக் கோப்பையை ஜாக் நிக்லஸும் ஜானி மில்லரும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். அரானாவின் கடைசி மைதானமான அலோஹா 1975-இல் வந்தது. லாஸ் நரான்ஹோஸ் 1977-இல்.

இந்தப் பட்டியலை நான் சும்மா ஒப்பிக்கவில்லை. முதலில் வந்தவர்களுக்கு நல்ல நிலம் கிடைத்தது. ஆற்றுப் படுகை, பழைய பழத்தோட்டம், சமதளம். ஒரு கிரீனிலிருந்து (குழி இருக்கும் இடம்) அடுத்த டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) இருபது முப்பது அடி நடந்தால் போதும். லாஸ் நரான்ஹோஸ் என்றால் ஆரஞ்சு மரங்கள். பிற்பாதி ஒன்பது குழிகளும் நிஜமாகவே ஆரஞ்சுத் தோப்பு வழியாகத்தான் போகின்றன. பிப்ரவரியில் மரத்தில் பழம் இருக்கும்.

பிற்பாடு, குறிப்பாக 1990-களிலும் 2000-களிலும் வந்தவர்களுக்கு மிச்சம் கிடந்தது மலை. அங்கே வீடுகளுக்கு நல்ல காட்சி வேண்டும் என்பதால் உச்சியெல்லாம் வீட்டுக்குப் போயிற்று, மிச்சத்தில் பந்து போகும் புல்வெளியான ஃபேர்வேயைச் சுற்றி வளைத்தார்கள். ஒரு குழி முடிந்து அடுத்ததற்குப் போகச் சாலையைக் கடந்து, சுரங்கப்பாதையில் நுழைந்து, ஏற்றம் ஏறி, அரைக் கிலோமீட்டர் போக வேண்டிய மைதானங்கள்கூட உண்டு. பகி வண்டி இல்லாமல் முடியாது. பகி இருந்தால் முழங்கால்காரருக்குப் பிரச்சினை இல்லையே என்று நினைப்பீர்கள். மழை பெய்த மறுநாள் பகி பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று பலகை வைத்துவிடுவார்கள். பாதை மேட்டில், பந்து பள்ளத்தில். கையில் மூன்று கிளப்பை, அதாவது மட்டையை, எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, அடித்து, மறுபடி ஏறி, ஐயோ நாலாவது கிளப் வேண்டியிருக்கிறதே என்று திரும்ப வண்டிக்கு வந்து... அன்றைக்குச் சமதளத்தில் நடந்தவனே கொடுத்துவைத்தவன். பிப்ரவரியில் மழைக்கு நல்ல வாய்ப்பு இருப்பதால் சொல்கிறேன்.

புதியவை எல்லாம் மோசம் என்று அர்த்தம் இல்லை. காசாரெஸில் இருக்கும் ஃபின்கா கோர்த்தெசின் 2006-இல் வந்தது. பராமரிப்பு என்றால் அதுதான் பராமரிப்பு. புல்லில் செருப்பு வைக்கவே கூச்சமாக இருக்கும். 2023-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பை அங்கே நடந்தது. 14-க்கு 14 என்று சமன் ஆனதால், ஏற்கெனவே கோப்பையை வைத்திருந்த ஐரோப்பாவிடமே அது தங்கியது. ஸ்பெயினின் கார்லோத்தா சிகாண்டா கடைசி நேரத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காசு இருந்தால் ஒரு நாள் போய் வாருங்கள். ஆனால் அது மேடும் பள்ளமும். நடக்கிற யோசனையே வேண்டாம்.

சரி, வால்டெர்ராமா. அது கோஸ்டா டெல் சோலில் இல்லை, பக்கத்து காதிஸ் மாகாணத்தில் சோட்டோகிராண்டேயின் மேட்டுப் பகுதியில் இருக்கிறது. 1974-இல் ட்ரென்ட் ஜோன்ஸ் போட்டது. 1980-களின் நடுவில் பொலிவியாவின் வெள்ளீய அரசர் சிமோன் பத்தீன்யோவின் பேரன் ஹைமே ஓர்த்திஸ் பத்தீன்யோ கைக்கு வந்த பிறகுதான் இன்றைய பெயரும் புகழும். 1997-இல் அதேபோல ஆண்கள் மோதும் ரைடர் கோப்பை முதல்முறையாக பிரிட்டனையும் அமெரிக்காவையும் விட்டு ஐரோப்பியக் கண்டத்துக்கு வந்தது என்றால், அது வந்து இறங்கிய இடம் வால்டெர்ராமா. முதல் நாள் காலையிலேயே கொட்டு கொட்டென்று மழை. ஐரோப்பிய அணித்தலைவர் செவே பல்லெஸ்டெரோஸ் பகியில் மைதானம் முழுக்கப் பறந்துகொண்டே இருந்தார், ஒவ்வொரு ஆட்டக்காரர் காதிலும் ஏதாவது ஓதிக்கொண்டு. ஐரோப்பா 14½-க்கு 13½ என்று வென்றது. அப்போது அவருக்குத் துணையாக நின்ற மிகெல் ஆங்கெல் ஹிமெனெஸ் இதே மலாகாவின் சுர்ரியானா ஊர்க்காரர். பெனால்மாதெனாவின் தொர்ரெகெப்ராதா மைதானத்தில் பையன் வயதில் பந்து பொறுக்கி, பை தூக்கி ஆட்டம் பழகியவர்.

அங்கே 17-ஆவது குழியைப் பற்றி ஒரு வார்த்தை. பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டியது. கிரீனுக்கு முன்னால் குளம், கிரீன் குளத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ரைடர் கோப்பைக்காக செவே திருத்தியமைத்த குழி, ஆட்டக்காரர்கள் வாய்விட்டுத் திட்டிய குழியும்கூட. 1999-இல் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசி நாள் டைகர் உட்ஸின் பந்து கிரீனில் விழுந்தது, மெதுவாக உருண்டது, பின்னோக்கி வந்து தண்ணீருக்குள் இறங்கியது. அந்தக் குழிக்கு அவர் 8 எழுதினார். பிளேஆஃபில் ஹிமெனெஸைத் தோற்கடித்துப் போட்டியை வென்றதும் அவரேதான், அது வேறு கதை. நான் அங்கே ஒரே ஒருமுறை ஆடினேன், அலுவலக நண்பர் தயவில். டைகரின் 8-ஐ எட்ட முடியாமல் 11 எழுதினேன்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே வெளியாட்களுக்கு நேரம் கொடுப்பார்கள், ஆனால் குறைவு. மாதக்கணக்கில் முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்கள், 28 வைத்திருப்பவர் பணம் கட்டுமுன் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கட்டணம் கையைக் கடிக்கும். அந்தக் காசில் மற்ற இடங்களில் மூன்று நாலு ரவுண்டு ஆடலாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நீளத்தால் மட்டும் மிரட்டும் மைதானம் இல்லை அது. ஃபேர்வே ஓரமெல்லாம் கார்க் ஓக் மரங்கள் குடை பிடித்தபடி நிற்கும். பந்து ஃபேர்வேயிலேயே கிடந்தாலும் தவறான பக்கம் கிடந்தால் எதிரே ஒரு கிளை. கிரீன்களோ சின்னவை. இருபதுக்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவருக்கு அந்த மைதானம் வைக்கும் கேள்விகள் புரிவதற்குள் ரவுண்டு முடிந்துவிடும். என் யோசனை, ஆசைப்படுகிறவர் ஒருவர் மட்டும் போகட்டும். மற்ற மூவரும் அதே காலையில் பக்கத்தில் இருக்கும் லா கன்யாதாவில் ஆடலாம். குவாதியாரோ ஊரின் பொது மைதானம் அது, உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடிப் பழகும் இடம், கட்டணமும் நம் பைக்கு ஏற்றது.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் செய்யும் தவறு எல்லோருக்கும் ஒன்றேதான். ஸ்பெயினில் தூரமெல்லாம் மீட்டர். ஸ்கோர் அட்டையும் மீட்டர், ஃபேர்வே ஓரத்துக் கட்டைகளும் மீட்டர். நீங்கள் பழகியது யார்டு. 150 என்று எழுதியிருந்தால் அது 164 யார்டு. ஒரு கிளப்புக்கும் மேலே வித்தியாசம். குவாதல்மீனாவில் என் முதல் ரவுண்டில் ஏழு குழி வரைக்கும் கிரீனை நோக்கி அடித்த ஒவ்வொரு பந்தும் அதற்கு முன்னால் பங்கர் என்ற மணல் பள்ளத்தில் போய் விழுந்துகொண்டே இருந்தது. காற்று, குளிர்ந்த பந்து, தூக்கம் போதவில்லை என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களோடு சேர்ந்து ஆடிய மலாகாக்காரப் பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், அட்டையில் எழுதியிருந்த 'மெத்ரோஸ்' என்ற வார்த்தையை நகத்தால் தட்டிக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தூரம் காட்டும் கருவி இருந்தது, அதை யார்டிலேயே வைத்திருந்தேன் என்பதுகூட அப்போதுதான் உறைத்தது. விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் கருவியை மீட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

அதே பெரியவர் சொல்லித்தந்த இன்னொன்று கிரீன் வாசிப்பது. மார்பேயா பக்கம் எங்கே நின்றாலும் வடக்கே லா கோன்சா என்ற மலை தெரியும், சிப்பி என்று அர்த்தம். பட்டிங் செய்யுமுன் மலை எங்கே, கடல் எங்கே என்று பாருங்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் பந்து மலையை விட்டு விலகிக் கடல் பக்கம் ஓடும். நிலமே ஒட்டுமொத்தமாகக் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது, பக்கத்துக் குன்றுகள் கண்ணை ஏமாற்றுகின்றன, அவ்வளவுதான். இது விதி இல்லை, உள்ளூர் வழக்கு. ஆனால் சந்தேகம் வரும்போது அந்தப் பக்கம் சாய்ந்து முடிவெடுத்தால் பெரும்பாலும் நஷ்டம் வராது.

புல்லும் வேறு. ஃபேர்வேயில் அநேகமாகப் பெர்முடா வகை, நம் ஊர் அருகம்புல்லின் சொந்தக்காரப்பிள்ளை. இரண்டும் ஒரே தாவரப் பேரினம்தான். வெயிலில் செழிக்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். குளிர்காலத்தில் நிறம் வெளுத்து உறங்கிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் மேலே ரைப் புல்லை விதைத்துப் பச்சையாக்குவார்கள். விதைக்காத மைதானம் பிப்ரவரியில் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது, ஆடத் தோதாகவே இருக்கும், பந்து உருளும். ஆனால் கிரீனில் துளை போட்டு மணல் தூவும் வேலை எப்போது என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். சில இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த வாரம் போனால் பட்டிங் எல்லாம் பல்லாங்குழிதான்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வறட்சி வருகிற பூமி அது. மைதானங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரையே பயன்படுத்த வேண்டும் என்ற திசையில் அந்தலூசிய அரசின் 2008 ஆணை கொண்டுபோனது. குளங்களின் ஓரத்தில் 'ஆகுவா நோ பொத்தாப்லே' என்று பலகை இருக்கும், குடிக்க உகந்ததல்ல என்று பொருள். பந்தை நாக்கில் வைத்துத் துடைக்கிற பழக்கமும் பந்தை வைக்கும் டீக் குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிற பழக்கமும் உங்கள் நாலு பேரில் யாருக்காவது இருந்தால் அந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

பிப்ரவரிக்கே உரிய இன்னொரு ஆபத்து பைன் மரத்தடியில் இருக்கும். 'ப்ரொசெசியோனாரியா' என்று ஒரு கம்பளிப்பூச்சி. மரத்தில் வெள்ளைப் பஞ்சுப் பொட்டலம் மாதிரி கூடு கட்டியிருக்கும். குளிர் தணிகிற சமயத்தில் இறங்கி, ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி நீண்ட வரிசையில் ஊர்ந்துபோகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். தொட்டுவிடாதீர்கள், அதன் ரோமம் தோலிலும் கண்ணிலும் பட்டால் எரிச்சல் கடுமை. நாய்களுக்கு உயிருக்கே ஆபத்து. பந்து அந்த வரிசைக்கு நடுவே கிடந்தால் பந்தை மறந்துவிடுங்கள்.

காற்று இரண்டு. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, மேற்கிலிருந்து வருவது பொனியெந்தே. மார்பேயா வரை பெரிதாகத் தெரியாது, நீரிணைக்குப் பக்கத்தில் போகப் போக இதுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். ஜிப்ரால்டரில் இருந்தபோது காலையில் ஜன்னலைத் திறந்து பாறையின் தலையைப் பார்ப்பேன். மேகம் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தால் லெவாந்தே என்று அர்த்தம். சில சமயம் நாள்கணக்கில் விடாது. லா ஹசியெண்டாவிலோ சோட்டோகிராண்டேயிலோ ஆடும் நாளில் தொலைவிலிருந்தே பாறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி இருந்தால் அன்றைக்கு ஸ்கோர் எழுதாமல் ஆளுக்கு ஆள் குழிக் கணக்கில் ஆடுவது மனதுக்கு நல்லது.

ஹேண்டிகேப் கணக்கும் அங்கே மாறும். உங்கள் எண்ணை மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் (மைதானம் எவ்வளவு கடினம் என்று காட்டுவது) பெருக்கி 113-ஆல் வகுக்க வேண்டும், பிறகு சின்னத் திருத்தம். 24 வைத்திருப்பவர் ஸ்லோப் 135 உள்ள இடத்தில் ஏறத்தாழ 29 அடி சலுகையாக எடுத்துக்கொள்ளலாம். மலைப்பாங்கான இடங்களில் இந்த எண் எகிறும். நண்பர்களுக்குள் பந்தயம் வைப்பதாக இருந்தால் முதல் டீயில் நின்று சண்டை போடாமல் முந்தைய இரவே இதை எழுதி வைத்துவிடுங்கள். ஆண்களுக்கு மஞ்சள் டீதான் வழக்கம். இன்னும் பின்னால் இருக்கும் வெள்ளையில் ஏற வேண்டாம், யாரும் மெடல் தரப்போவதில்லை.

தேதியில் ஒரு சிக்கல். பிப்ரவரி 28 அந்தலூசியா தினம், விடுமுறை. மலாகா மாகாணத்தில் பள்ளிகளுக்கும் அதை ஒட்டி 'வெள்ளை வாரம்' என்று விடுமுறை விடுவது வழக்கம். உள்ளூர்க்காரர்களும் மைதானத்தில் இருப்பார்கள், குளிருக்கு ஓடிவந்த வட ஐரோப்பியர்களும் இருப்பார்கள். சீக்கிரம் பதிவு செய்யுங்கள். அந்தச் சமயத்தில் சூரியன் 8 மணிக்குச் சற்று முன்பு உதித்து 7 மணி வாக்கில் மறையும். அதிகாலை ஆட்டம் என்ற கனவு வேண்டாம், எட்டரைக்குப் புல்லில் பனி சொட்டும், பந்து உருளாது. பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கினால் பொன்னான நேரம். பகலில் 17, 18 டிகிரி. ஒரு ஸ்வெட்டர், கழற்றிப் பையில் போடத்தக்கதாக.

எங்கே தங்குவது? மைதானத்துக்குள்ளேயே இருக்கும் ரிசார்ட், ஆறு நாளும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்களுக்குத்தான் லாபம். நீங்கள் இடம் மாறி மாறி ஆடப்போகிறீர்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு மலைமேல் ரிசார்ட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கீழே ஊருக்கு வர ஆள் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும், அது யார் என்று தினமும் பஞ்சாயத்து. அதனால் சான் பெத்ரோ அல்லது எஸ்தெபோனாவில் கடலோரமாக வீடு எடுங்கள். இரண்டும் மனிதர்கள் வாழ்கிற ஊர். அங்கிருந்து நுவேவா அந்தலூசியா பள்ளத்தாக்கும் பக்கம், சோட்டோகிராண்டேக்கும் கட்டணச் சாலையான ஏபி-7-இல் சுருக்காகப் போய்விடலாம். 'கோல்ஃபுடன் தங்கும் பேக்கேஜ்' என்று வருவதைத் தீர விசாரியுங்கள். நான் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கினேன். ஜன்னலைத் திறந்தால் அழகான பச்சை மைதானம். எங்களுக்கு ஒதுக்கியிருந்ததோ வேறொரு மைதானம், காரில் 35 நிமிடம். ஜன்னலில் தெரிந்தது உறுப்பினர்களுக்கு மட்டுமாம்.

வாடகைக் கிளப் கிடைக்கும், ஆனால் நாலு ரவுண்டு ஆடுவதாக இருந்தால் சொந்தப் பையைக் கொண்டுபோவதே மேல். வேன் மாதிரி பெரிய கார் எடுங்கள். நாலு பேர், நாலு பை, சாதாரணக் காரில் ஏறாது. விமான நிலைய வாடகைக் கார் வரிசையில் இதைக் கண்டுபிடித்துக் கண் கலங்கி நிற்கும் ஆங்கிலேயர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏழு நாளில் நாலு ரவுண்டுக்கு மேல் வேண்டாம், இது முழங்கால்காரருக்காக மட்டும் சொல்வதில்லை. முதல் ஆட்டம் குவாதல்மீனா தெற்கு. சமதளம், அகலமான ஃபேர்வே, கடலும் கிடைக்கும், மீட்டரும் பழகும். ஒரு நாள் விட்டு லாஸ் நரான்ஹோஸ். பிறகு ஒரு நாள் மேற்கே. வால்டெர்ராமா ஆசைக்காரர் அங்கே, மற்றவர்கள் லா கன்யாதாவில், காற்று அனுமதித்தால் மாலையில் எல்லோரும் லா ஹசியெண்டா பக்கம் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆடாத நாளில் மலைமேல் இருக்கும் ரோந்தா ஊருக்குப் போங்கள், இல்லை சும்மா தூங்குங்கள். மதியச் சாப்பாடு அங்கே இரண்டு மணிக்கு மேல்தான். வார நாள்களில் 'மெனு தெல் தியா' என்று ஒரே விலையில் இரண்டு கறி, ரொட்டி, இனிப்பு எல்லாம் சேர்த்து வைப்பார்கள். கிளப்ஹவுஸில் அதைக் கேட்காதீர்கள், ஊருக்குள் கேளுங்கள்.

நாலாவது ரவுண்டைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாலை விமானமாக இருந்தால். மலாகா பரடோர் மைதானத்திலிருந்து விமான நிலையம் பத்து நிமிடம்தான். நூறு வருடப் பழைய மைதானம், தட்டையான நிலம், ஒரு பக்கம் கடற்கரை, தலைக்கு மேலே நாலைந்து நிமிடத்துக்கு ஒரு விமானம். நீங்கள் மட்டையைக் கீழே வீசும்போது ஒன்று கண்டிப்பாக வரும். ஆடி முடித்துச் சிரிங்கித்தோ என்ற கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்காருங்கள். மணல் நிரப்பிய பழைய படகுக்குள் விறகு மூட்டி, குச்சியில் கோத்த மத்தி மீனைச் சாய்த்து நட்டு வாட்டுவார்கள். 'எஸ்பெத்தோ' என்று பெயர். மத்திக்கு நல்ல பருவம் கோடைதான், பிப்ரவரியில் மீன் சற்று மெலிந்திருக்கும். இரண்டாகவே சொல்லுங்கள், கல் உப்பும் புகையும் விரலில் ஒட்டும், கையால்தான் சாப்பிட வேண்டும். பைக்குள் வைக்குமுன் ஷூவில் இருக்கும் மணலைத் தட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் எடை போடும்போது என்னுடைய பை ஒரு கிலோ கூடிப் போயிருந்தது.